பாடத்தில் இருக்கும் கோட் ஓடுமா? ஓட்டிப் பார்ப்பது யார் வேலை?

திருக்கோகர்ணத்தில் பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கும் மாணவருக்கும், சென்னை ஓ.எம்.ஆரில் டேட்டா சயின்ஸ் வேலை பார்க்கும் இளைஞருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. விளக்கம் படித்தால் புரிகிறது. கூடவே இருக்கும் கோடை டைப் செய்தால் எரர் வருகிறது. 'நாமதான் தப்பா அடிச்சிட்டோம் போல' என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் தப்பு எழுதப்பட்ட பக்கத்திலேயே இருக்கும்.

காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. வேர்டில் டைப் செய்யும்போது நேரான மேற்கோள் குறி வளைந்துவிடும். பைத்தான் அதை ஏற்காது. பக்கம் மாறும் இடத்தில் வரியின் முன்னால் இருந்த இடைவெளி காணாமல் போகும். பைத்தானில் அந்த இடைவெளிதான் இலக்கணமே. சில நேரம் மென்பொருளே மாறிவிடும். பாண்டாஸில் அட்டவணைக்கு வரி சேர்க்கப் பலரும் பயன்படுத்திய 'அப்பெண்ட்', 2023-இல் வந்த 2.0 பதிப்பில் நீக்கப்பட்டது.

எரர் வந்தாலாவது தெரிந்துவிடும். சத்தமில்லாமல் விடை மாறுவதுதான் ஆபத்து. 7 / 2 என்று கொடுத்தால் பைத்தான் 2-இல் 3 வரும், பைத்தான் 3-இல் 3.5 வரும். இரண்டிலும் எரர் கிடையாது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். மனக்கணக்கில் 3 என்று ஆசிரியர் எழுதிவிடுவார். பைத்தான் 5 என்று சொல்லும். 'மி'யில் உள்ள கொக்கியையும் 'ழ்' மேல் உள்ள புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்துக் கணக்கில் 3 வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் போன்ற நூலகம் தேவை.

விளக்கத்தையும் நிரலையும் ஒரே ஆவணத்தில் எழுதும் முறைக்கு 1984-இல் 'லிட்டரேட் புரோகிராமிங்' என்று பெயர் வைத்தவர் டொனால்ட் நூத். இன்று அந்த வழியில் அதிகம் புழங்குவது ஜூபிட்டர் நோட்புக். அதன் நிலைமை? 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கிட்ஹப்பில் இருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டியது. ஓட்டிப் பார்க்க முடிந்தவற்றில் சுமார் 24 சதவீதம்தான் எரர் இல்லாமல் ஓடின. பழைய விடையே திரும்ப வந்தது 4 சதவீதத்தில்தான். செல்களை மேலும் கீழுமாக ஓட்டிவிட்டு, கடைசியில் ஒருமுறை மேலிருந்து ஓட்டாமலே சேவ் செய்வது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

குடுமியான்மலைப் பாறையில் ஸ்வரங்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அதைப் பாடுவது எப்படி என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அங்கே ஓட்டிக் காட்ட ஆள் இல்லை. பைத்தான் விஷயத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸீ திட்டத்தில், பொறியியல் நூல்களின் தீர்வு கண்ட கணக்குகளை மாணவர்கள் சைலேப், பைத்தான் நிரல்களாக எழுதித் தருகிறார்கள். விடை புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே அது ஏற்கப்படும். மனித உழைப்பு அதிகம்தான். ஆனால் பள்ளிப் பாடநூலுக்கு அவ்வளவுகூட வேண்டாம். நிரல்களைத் தனிக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு மறுபதிப்புக்கு முன்பும் தானாக ஓட்டிச் சரிபார்ப்பதைப் பாடநூல் கழகம் அச்சுப் பணியின் ஒரு படியாகவே வைக்க வேண்டும்.

இதில் சிக்கலே இல்லை என்று சொல்ல முடியாது. இன்றைய தேதி, ரேண்டம் எண் போன்றவை ஒவ்வொரு முறையும் மாறும். அவற்றை நிலைப்படுத்தவோ விலக்கவோ வேண்டும். 'இப்படி எழுதினால் எரர் வரும்' என்று காட்டவே வைத்த கோடும் இருக்கும். ரஸ்ட் மொழி இதை அழகாகக் கையாள்கிறது: ஆவணத்தில் உள்ள உதாரணங்களையும் சோதனையில் சேர்த்தே ஓட்டும், தோற்க வேண்டியதைத் தோற்கும் என்று குறித்துவிடலாம்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பைத்தானுடன் 2001 முதலே 'டாக்டெஸ்ட்' இலவசமாக வருகிறது. பாடக் குறிப்பைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகத் தமிழிலேயே எழுதலாம். கட்டளைக்கு முன்னால் >>> போட்டு, அடுத்த வரியில் விடையை எழுதினால் போதும். டாக்டெஸ்ட் கட்டளைகளை ஓட்டி, எழுதிய விடையோடு ஒப்பிடும். பொருந்தாத இடத்தை வரி எண்ணோடு காட்டும். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் எதுவுமே வராது.