பூக்கடைக்கு எதற்குச் சான்றிதழ்?

"தம்பி, ஒரு சின்ன உதவி" என்று தொலைபேசியில் யாராவது தொடங்கினால், மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொல்வார்கள், இல்லையென்றால் ஒரு பழைய பாட்டைக் கேட்பார்கள். போன மாதம் அழைத்த அக்கா கேட்டது வேறு. தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவர் மகன், எங்கள் வானொலி நிலையத்தில் 30 மணி நேரம் நிகழ்ச்சித் தயாரிப்பு பழகியதாக ஒரு கடிதம் வேண்டுமாம்.

"எப்போக்கா வந்தான்?"

"இனிமே வருவான். கடிதத்தை முன்னாடியே குடுத்திடுங்க தம்பி. மத்தப் பிள்ளைங்கள்லாம் பத்து, பன்னண்டு வச்சிருக்காங்களாம்."

முடியாது என்று பட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஃப்ளோ ரோட்டில் பூக்கடை வைத்திருப்பவர் அவர். என் கல்யாண மாலை அவர் கையால் கட்டியது. சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. உயர்நிலைப் பள்ளியில் 'லீப்ஸ் 2.0' வந்ததிலிருந்து, அதாவது 2014லிருந்து, இணைப்பாட நடவடிக்கைகளில் பங்கேற்பு, சாதனை, தலைமைத்துவம், தொண்டு எல்லாவற்றுக்கும் நிலைகள் உண்டு. தொண்டுக்கு மணிக்கணக்கு உண்டு. மிகச் சிறப்பு என்றால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளி கழியும், நன்று என்றால் 1. நான்கு ஆண்டுகள் அந்தக் கணக்கிலேயே பழகிய குடும்பம், பல்கலைக்கழகத்துக்கும் அதே கணக்குதான் என்று நினைக்கிறது. அங்கே அப்படிப் புள்ளி எதுவும் கழிவதில்லை. மதிப்பெண்ணைத் தாண்டியும் பார்க்க விரும்பும் துறைகள், இந்தப் பிள்ளைக்கு எதில் நாட்டம், அதற்காக என்ன செய்திருக்கிறது என்று கட்டுரையிலும் நேர்முகத்திலும் தேடுகின்றன. இதில் எண்ணிக்கை அவ்வளவாக உதவாது.

இன்னொரு வேடிக்கை. 2026 சேர்க்கையிலிருந்து ஏ நிலை மதிப்பெண்ணை 90க்குப் பதிலாக 70க்குக் கணக்கிடுகிறார்கள். நான்காவது பாடமும் தாய்மொழியும் மதிப்பெண்ணை உயர்த்தினால் மட்டுமே சேரும். தேர்வுச் சுமையைக் குறைத்து, பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைச் செய்ய நேரம் தருவதுதான் நோக்கம். அந்த நேரத்தில் நாம் சான்றிதழ் சேர்க்கக் கிளம்பிவிட்டோம்!

நானும் ஒரு காலத்தில் சேர்த்தவன்தான். ஊடகப் படிப்புக்கான நேர்முகத்துக்கு ஏழு நடவடிக்கைகளை எழுதிக்கொண்டு போனேன். அதில் ஒன்று சதுரங்க மன்றம். எதிரில் இருந்தவர் ஆறையும் விட்டுவிட்டு, "கடைசியாக ஆடிய ஆட்டத்தில் எப்படித் தோற்றாய்?" என்று கேட்டார். நான் அந்த மன்றத்துக்குப் போனதே மூன்று முறை, அதுவும் குளிர்சாதன அறை என்பதற்காக. என் காது சூடானது இன்னும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை தேக்கா சந்தையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். மகன் ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பேனா. வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களை நீளமான கணக்கு நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். கோயில் மாலை எத்தனை, வீட்டுப் பூசைக்கு எத்தனை முழம், யார் எத்தனை மணிக்கு வந்து எடுப்பார் எல்லாம் அதில் இருந்தது.

"எவ்வளவு நாளா இதைப் பாக்குற?"

"உயர்நிலை இரண்டுலேர்ந்துண்ணா."

நோட்டைப் புரட்டினேன். பின்பக்கங்களில் மல்லிகை வந்து இறங்கிய விலை, வாரம் வாரமாக. மார்கழி, தைப் பனியில் ஊரில் மல்லிகை வரத்துக் குறையும், இங்கே விலை ஏறும். அது எல்லாப் பூக்கடைக்காரர்களுக்கும் தெரியும். இவன் எத்தனை வெள்ளி ஏறியது என்று எழுதி வைத்திருக்கிறான். ஒரு பொங்கலுக்கு அவன் பேச்சைக் கேட்டு அப்பா கூடுதலாக இறக்கி, இரண்டு பெட்டி வாடிப்போய்க் குப்பைக்குப் போயிருக்கிறது. அடுத்த ஆண்டு முன்பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் வரவழைத்தார்களாம், ஒரு முழம்கூட மிஞ்சவில்லை.

பல்கலைக்கழகத்தில் என்ன படிக்க ஆசை என்றேன். தரவுப் பகுப்பாய்வு என்றான். நான் அக்காவைப் பார்த்தேன்.

"பூக்கடைன்னு எழுதினா என்ன தம்பி நினைப்பாங்க?" அக்கா தொடுப்பதை நிறுத்தவில்லை. "அவன் இங்கேயே உக்காரக் கூடாதுன்னுதானே படிக்க வச்சோம்."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அந்த வார்த்தையில் இருபது ஆண்டு விடியற்காலைகள் இருந்தன. வானொலிக் கடிதம் தர முடியாது என்பதை மட்டும் சொன்னேன். அது என் நிலையத்தின் பெயர். தவிர, விண்ணப்பத்தில் பொய்யிருந்தால் கிடைத்த இடமும் போகும். அக்கா ஒன்றும் பேசவில்லை.

மகனைத் தேக்கா உணவங்காடிக்குக் கூட்டிப்போய் இரண்டு தே தாரிக் வாங்கினேன். கைப்பேசியில் 'காமன் ஆப்' விண்ணப்பத்தைக் காட்டினேன், பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம் அது. இவன் அமெரிக்கா போகப்போவதில்லை. ஆனால் அதன் கட்டங்கள் நல்ல பயிற்சி. அதிகம் போனால் 10 நடவடிக்கைகள். ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கும். வகைகளின் பட்டியலில் விவாதம், இசை, விளையாட்டோடு 'சம்பள வேலை' இருக்கிறது, 'குடும்பப் பொறுப்புகள்' இருக்கிறது. பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, தம்பி தங்கையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் பிள்ளை எல்லாரும் எழுதலாம். அந்த இரண்டு வரியையும் அவன் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அப்போ வேற எதுவும் சேர வேணாமாண்ணா?"

பிடித்திருந்தால் சேரட்டும். பீட்டி ரோட்டில் எதிரெதிராக சிண்டாவும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமும் இருக்கின்றன, கடையிலிருந்து நடந்தே போகலாம். சிண்டாவில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கத் தொண்டூழியர்கள் தேவைப்படுவார்கள். ஓராண்டு விடாமல் போக முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள் என்றேன். பல ஆயிரம் வெள்ளி கட்டி, விமானம் ஏறி, ஒரு பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசிப் படம் எடுத்துக்கொண்டு வரும் பயணங்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அந்தச் சுவருக்குச் சாயம் பூச அந்த ஊரிலேயே ஆள் இருப்பார்கள்.

வாடிப்போன இரண்டு பெட்டியையும் எழுது என்றபோதுதான் தயங்கினான். "அது ஃபெயிலியராச்சே." என் சதுரங்கக் கதையைச் சொன்னேன். தே தாரிக் புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

கடைக்குத் திரும்பி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டான். சனிக்கிழமை நான்கு மணி நேரம், ஞாயிறு நான்கு, வாரத்துக்கு எட்டு. தேர்வுக் காலம் போக ஆண்டுக்கு 40 வாரம். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் நின்னியே, அதை யார் எழுதுவா? தைப்பூசத்தையும் சேத்து எழுதுடா."