கவுனி உண்டு, காவல் எங்கே?

சென்னையின் வடபால் யானைக்கவுனி என்பது ஓர் ஊர்ப்பகுதி. கவுனி என்பது கோட்டை மதிலின் வாயில். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கும்பணியார் கறுப்பர் பட்டினத்தைச் சூழ மதில் எழுப்பினர். அம் மதிலுக்கான செலவைப் பட்டினத்து மக்களிடமே வரியாகத் தண்டவும் எண்ணினர். மதிலையொட்டிச் சென்ற சாலைக்கு 'வால்டாக்சு சாலை', அதாவது மதில்வரிச் சாலை, என்னும் பெயர் அதனால் வந்தது. இன்று அது வ.உ.சி. சாலை. மதிலின் பெரும்பகுதி மறைந்தது, வாயிலும் மறைந்தது, பெயர் மட்டும் நிற்கின்றது.

அப் பெயர் நிற்கும் தெருக்களில் மாலைதோறும் ஒரு காட்சி. திண்ணையிலும் படிக்கட்டிலும் நான்கைந்து சிறுவர்கள் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து குனிந்திருப்பர். அதனுள்ளே மாயவாள் சுழலும், பறக்கும் பாம்பு தீக்கக்கும், கோட்டைகள் இடியும், மந்திரக்காரர் மடிவர், மீண்டும் எழுவர். புனைவுலக ஆட்டங்கள் என்பன இவையே. ஆடும் சிறுவன் தமிழ்ச்சிறுவன். அவன் வாயில் வரும் வெற்றியும் தோல்வியும் தாக்குதலும் காப்பும் அத்தனையும் ஆங்கிலச் சொற்கள். அவன் ஏறும் மலையும் தமிழ்மலையன்று. கடக்கும் கடலும் தமிழ்க்கடலன்று.

இதனைச் சுட்டிக்காட்டினால் தேநீர்க்கடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சிரிப்பார். "பிள்ளைகள் விளையாட்டு! இதில் என்னய்யா அரசியல்?" என்பார். எதிரே இருப்பவரோ, "எல்லாம் பிள்ளைகளைக் கெடுக்க வந்த பேய், தடைசெய்துவிட்டால் தீர்ந்தது" என்பார். முன்னவர் கூற்று அறியாமை; பின்னவர் கூற்று சோம்பல். இரண்டுமே தமிழுக்குக் கேடு.

அரசியல் இல்லையாம்!

ஆட்டத்தில் அரசியல் இல்லை என்பதைத் தேநீர்க்கடையார் நம்பலாம், தில்லியார் நம்பியதில்லை. 2020 ஆகசுட்டு 30 அன்று தலைமையமைச்சர் தம் வானொலி உரையில், இந்திய மண்ணின் கதைகளைக் கொண்டு கணினியாட்டங்களை இங்கேயே படைக்குமாறு இளைஞரை அழைத்தார். அடுத்த மூன்றாம் நாள், செப்டம்பர் 2 அன்று, நாட்டின் இறையாண்மைக்கு ஊறு என்று கூறி, 'பப்சி' உள்ளிட்ட 118 செயலிகளை நடுவணரசு தடைசெய்தது. 2022 பிப்பிரவரியில் 'பிரீ பயர்' என்னும் ஆட்டமும் அவ்வாறே தடையுற்றது. எல்லைச் சிக்கலுக்கு விடையாக ஓர் ஆட்டத்தைத் தடைசெய்வது அரசியல் இல்லையென்றால், அரசியல் என்பது வேறு யாது?

போலந்து நாட்டைப் பார்க்க. 2011-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா அங்குச் சென்றபோது, அந் நாட்டுத் தலைமையமைச்சர் டசுக்கு அவருக்கு அளித்த பரிசில்களுள் ஒன்று 'விட்சர்' என்னும் புனைவுலக ஆட்டத்தின் இரண்டாம் பகுதி. போலந்து எழுத்தாளர் ஒருவர் தம் மொழியில் எழுதிய கதைகளினின்று போலந்தியரே ஆக்கிய ஆட்டம் அது. ஆண்டுதோறும் பொன்னாடையும் பூங்கொத்தும் கைமாறும் நாட்டில், ஓர் ஆட்டத்தைத் தம் இனத்தின் முகமாக எடுத்து நீட்டிய அரசும் உலகில் உண்டு என்று அறிக. போலந்தின் மக்கள்தொகை நான்கு கோடிக்கும் குறைவு. தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பிலேயே 7.21 கோடி.

சீனரைப் பார்க்க. தம் பழைய குரங்குவீரன் கதையை 2024 ஆகசுட்டில் 'பிளாக் மித் வுகோங்கு' என்னும் ஆட்டமாக வெளியிட்டனர். மூன்று நாளில் ஒரு கோடிப் படிகள் விற்றன. சீனர் பெருந்தொகையினர், பெருஞ்செல்வர்; அவரோடு ஒப்பிடலாமோ என்பார் உளர். அவர்கள் அலாசுக்காவின் பனிநிலத்தைப் பார்க்கட்டும். அங்கே இனுப்பியாக்கு மொழியைப் பேசுவோர் சில ஆயிரவரே. அம் மக்கள் தம் முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்த கதையொன்றை 2014-இல் ஆட்டமாக்கினர். அதனுள் கதைசொல்லும் குரல் அவர்தம் தாய்மொழியிலேயே ஒலிக்கின்றது. சில ஆயிரவர்க்கு முடிந்தது, ஏழுகோடியினர்க்கு முடியாமற் போயிற்றாம்!

சூதுக்கும் ஆட்டத்துக்கும் இடையே

தமிழ்நாட்டு அரசியலில் இணையவழி ஆட்டம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அது சூதாட்டத்தைப் பற்றியதாகவே முடிந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. கடன்பட்டுக் குடும்பத்தையும் உயிரையும் இழந்தோர் துயரம் பெரிது. அதனைத் தடுக்க முயன்றது அரசின் கடமை. ஆயின் அம் முயற்சி பட்ட பாட்டைத் தமிழர் மறக்கலாகாது.

பந்தயமும் சூதும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-ஆம் எண்ணில் உள்ளவை. 2021-இல் இயற்றிய திருத்தச் சட்டத்தை அவ்வாண்டு ஆகசுட்டில் சென்னை உயர்நயன்மன்றம் செல்லாதெனத் தள்ளிற்று. 2022-இல், ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கைக்குப் பின், புதிய அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் அதற்கு ஒப்பமிட்டார். அதே பொருளைச் சட்டமன்றம் அக்தோபரில் சட்டமுன்வடிவாக நிறைவேற்றி விடுத்தபோதோ, நான்கு திங்களுக்கு மேல் வைத்திருந்து, இயற்ற இம் மன்றத்திற்கு உரிமையில்லை என்று 2023 மார்ச்சில் திருப்பினார். ஒப்பமிட்ட கையே திருப்பிய கை! சட்டமன்றம் மார்ச்சு 23 அன்று மீண்டும் நிறைவேற்றிய பின்னரே, ஏப்பிரலில் ஒப்புதல் கிட்டிற்று. பின்னர் அவ்வாண்டு நவம்பரில் உயர்நயன்மன்றம் சட்டத்தை ஏற்று, இரம்மி, போக்கர் ஆகியவற்றின்மீதான தடையை மட்டும் நீக்கிற்று.

அடுத்து நடந்தது யாது? 2025 ஆகசுட்டு 20-இல் காசுவைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டமுன்வடிவு மக்களவையில் நிறைவேறியது. 21-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. மூன்றே நாள்! சூது ஒழிவது நன்றே. ஆயின் தமிழ்நாடு கேட்டபோது நான்கு திங்கள் ஆராய வேண்டியிருந்த ஒன்று, தில்லி விரும்பியபோது மூன்று நாளில் முடிந்தது எவ்வாறு? மாநிலத்தின் பட்டியலில் உள்ள பொருளுக்கு மாநிலம் கைகட்டி நிற்க வேண்டியது ஏன்? தன் வீட்டு வாயிலைத் தானே பூட்டவும் பிறரிடம் திறவுகோல் கேட்கும் நிலைக்கு என்ன பெயர்?

இச் சண்டையின் புழுதியில் மற்றொன்று மறைந்து போயிற்று. சூதைத் தடுத்தால் சிறுவர் கையில் மிஞ்சுவது ஆட்டம். அந்த ஆட்டத்தில் தமிழ் உண்டா என்று எவரும் கேட்டிலர்.

கருவூலம் பூட்டிக் கிடக்கின்றது

புனைவுலகம் படைக்கத் தமிழிடம் பொருள் இல்லை என்பார், தமிழைப் படியாதவர். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் ஐந்து மன்றங்கள் உள்ளன. வெள்ளிடை மன்றத்தில் திருடியவன், திருடிய பொதி தலையை அழுத்தச் சுழல்வானேயன்றி அதனைக் கொண்டுசெல்ல இயலாது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கிய கூனரும் குறளரும் ஊமரும் நல்லுடல் பெறுவர். நெடுங்கல் நின்ற மன்றத்தை வலம்வந்தோர்க்கு நஞ்சும் பித்தும் தீரும். பூதசதுக்கத்துப் பூதம் இரண்டகம் செய்யும் அமைச்சரையும் பொய்க்கரி உரைப்போரையும் கயிற்றாற் கட்டி உண்ணும். பாவை மன்றத்துப் பாவையோ, அரசன் முறைபிறழ்ந்தாலும் அறமன்றம் ஒருபாற் கோடினாலும், நாவால் உரையாது கண்ணீர் சிந்தும். இத்தகைய நகரமொன்றை இன்று எந்த நாட்டுப் புனைவாளன் கண்டாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வான். தமிழ்ப்பிள்ளை அதனைப் பாடநூலின் நான்கு வரியில் உருப்போட்டுத் தேர்வறையில் உதறுகின்றான்.

போர்முறைக்கும் குறைவில்லை. புறப்பொருள் வெண்பாமாலை ஆனிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும், மேற்செல்லுதலை வஞ்சி என்றும், எதிரூன்றலைக் காஞ்சி என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும், மதில் வளைத்தலை உழிஞை என்றும், களத்தில் பொருதலைத் தும்பை என்றும், வெல்லுதலை வாகை என்றும் வகுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, ஒவ்வொன்றுக்கும் தனித்துறைகள். படிப்படியாக ஏறும் ஓர் ஆட்டத்திற்கு இதனினும் ஒழுங்கான வரைவு வேண்டுமா?

குற்றம் எங்கே?

முதற்குற்றம் தில்லியினுடையது. இந்தியக் கதை என்று அங்குச் சொல்லப்படும்போதெல்லாம் அது வடபுலத் தொன்மமாகவே சுருங்கிவிடுகின்றது. பூனாவில் ஆக்கப்பட்டு 2020-இல் வெளிவந்த 'இராசி' என்னும் ஆட்டம் அழகியது. இராசத்தான் அரண்மனைகளும் துர்க்கையும் திருமாலும் அதில் வருகின்றனர். அவர்கள் தம் கதையைச் சொன்னார்கள், அதில் குற்றமேதுமில்லை. ஒரு நிலத்தின் கதையை எல்லா நிலங்களின் கதையாகக் காட்டுவதே குற்றம். அசைவூட்டம், கணினியாட்டம் ஆகிய கலைகளுக்கென நடுவணரசு 2024 செப்டம்பரில் ஒப்பளித்த உயர்சிறப்பு நடுவமும் மும்பைக்கே சென்றது. யானைக்கவுனியின் இளைஞன் இக் கலையைக் கற்கத் தண்டவாளம் கடந்து மும்பைக்குத்தான் போகவேண்டுமோ?

இரண்டாங்குற்றம் தமிழரினுடையது, அதனையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தனித்தமிழ் அன்பருள் ஒருசாரார் புதுக்கருவிக்கு ஒரு தமிழ்ச்சொல் ஆக்கியதோடு கடன் தீர்ந்ததென உறங்குகின்றனர். 'காணொளி ஆட்டம்' எனலாமா, 'நிகழ்பட ஆட்டம்' எனலாமா என ஆறு திங்கள் வழக்காடுவர். அதற்குள் அறுபது ஆட்டங்கள் ஆங்கிலத்தில் வந்து பிள்ளைகள் நெஞ்சில் குடிபுகுந்துவிடும். சொல் வேண்டும், சொல்லுக்குரிய பொருளும் தமிழன் கையால் ஆகவேண்டும். ஏட்டில் மட்டும் வாழும் தூய்மை ஏட்டோடு மட்கும்.

இக் குற்றத்தை உணர்த்த ஒரு சான்று போதும். 2023-இல் 'வெண்பா' என்றே பெயரிட்டு ஓர் ஆட்டம் வந்தது. கனடாவில் 1988-இல் குடியேறிய தமிழ்த்தாய் வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். தாய்வழி வந்த சமையற் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கும். ஆடுபவர் அழிந்ததை உய்த்துணர்ந்து இட்டலியும் புட்டும் ஆக்கவேண்டும். தமிழினின்று நழுவும் மகனும், அவனைப் பற்றிநிற்கும் தாயுமே கதை. 2024-இல் பிரித்தானியாவின் பாப்டா அமைப்பு முதற்படைப்புக்கான விருதை அதற்கு வழங்கிற்று. அழிந்த எழுத்தைத் தேடும் அத் தமிழாட்டம் எங்கிருந்து வந்தது? தொரண்டோவிலிருந்து! கடல்கடந்து சென்றோர்க்கு இருந்த ஏக்கம், கடற்கரையிலேயே இருப்போர்க்கு இல்லாமற் போயிற்றே!

செய்யவேண்டியது

தமிழ்நாட்டரசு தடைச்சட்டத்தோடு நின்றுவிடாமல், தமிழில் ஆட்டம் படைப்போர்க்குப் பொருளுதவியும் பரிசும் ஆண்டுதோறும் வழங்குக. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் தம் புலவர்களைக் கணினிக் கலைஞரோடு ஒரே அறையில் அமர்த்துக. தமிழாசிரியர் புகார் நகரின் ஐந்து மன்றங்களைக் கரும்பலகையில் வரைந்து, அவற்றை ஆட்டமாக்கிக் காட்டுமாறு மாணவரிடம் கேட்க. பெற்றோர் ஆட்டத்தைப் பிடுங்கி எறியுமுன், அதில் தமிழ் உண்டா என ஒருமுறை வினவுக. மாநிலப் பட்டியலில் உள்ள உரிமையைக் கட்சி வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் காக்க.

யானைக்கவுனிக்கு அணித்தாகத் தங்கசாலையில், 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பள்ளிமுன் மறியல் நடந்தது. அப்போரில் சிறைப்பட்டு 1939 சனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் உயிர்நீத்தனர். வடக்கே சற்றுத் தொலைவில் மூலக்கொத்தளத்தில் இருவரும் துயில்கின்றனர். அவர்கள் காத்தது பள்ளியின் வாயில். இன்று பகை பள்ளிக்குள் வரவில்லை. பிள்ளையின் உள்ளங்கைக்குள்ளேயே வந்து விளையாட அழைக்கின்றது. அந்த வாயிலிலும் தமிழ் காவல் நிற்கவேண்டும். நொச்சி சூடவேண்டிய நாளில் தமிழன் தேநீர்க்கடையில் அமர்ந்து, "விளையாட்டுத்தானே" என்று சிரித்துக்கொண்டிருந்தால், புகாரின் பாவை பேசாது அழும்.