‘ப்ரோக்கன் பிரிட்ஜ்’ பேய்க்கதை: அந்தப் பாலத்தில் நடந்தவர்கள் எங்கே போனார்கள்?

‘சென்னையில் பேய் நடமாடும் இடங்கள்’ என்று போனில் தேடிப் பாருங்கள். பட்டியல் எதுவாக இருந்தாலும் இரண்டு பெயர்கள் அநேகமாகத் தவறாது. ஒன்று, ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனி. இன்னொன்று, அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பாதியில் நிற்கும் ‘ப்ரோக்கன் பிரிட்ஜ்’. ராத்திரி ஆனால் ஒரு பெண்ணின் அலறல் கேட்கும், நிழல் ஒன்று குறுக்கே போகும் என்று ரீல்ஸ் சொல்கிறது. பின்னணியில் ஒரு திகில் மியூசிக் வேறு.

வீக் எண்டில் ஊர் சுற்றக் கிளம்பும் ஐ.டி. இளைஞர்களுக்கு இது ஒரு ஜாலியான பிளான். காலையில் மயிலாப்பூர் மெஸ்ஸில் பொங்கல், மதியம் தி.நகரில் ஷாப்பிங், சாயங்காலம் பெசன்ட் நகர் பீச், கடைசியில் கொஞ்சம் பேய். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பேய்க்கதையைக் கேட்டாவது ஒருவர் தன் ஊரின் ஒரு மூலைக்குப் போகிறார் என்றால் அது நல்லதுதான். ஆனால் போன இடத்தில் பேயை மட்டும் தேடிவிட்டுத் திரும்பினால், அங்கே இருக்கும் மனிதர்கள் கண்ணில் படுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பாலம் யாருக்காகக் கட்டப்பட்டது?

1967-ல் கட்டப்பட்ட பாலம் அது. மீனவர்கள் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்வரத்தான் கட்டினார்கள். வடக்கே பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம். தெற்கே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு கரைகள். பாலம் இருந்தபோது நடந்தே போய்விடலாம். 1977-ல் நீரோட்டத்தின் வேகம் தாங்காமல் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன் பிறகு யாரும் அதைச் சரிசெய்யவில்லை. தரை வழியாகப் போக வேண்டும் என்றால் திரு.வி.க. பாலம் வரை சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆக, உண்மையில் அங்கே நடந்தது இதுதான்: ஏழை மக்களின் வழி ஒன்று பத்தே வருடத்தில் உடைந்தது, அரை நூற்றாண்டாக அப்படியே கிடக்கிறது. பேய்க்கதை அந்த உண்மை மேல் படிந்த பாசி. ‘ஏன் உடைந்து கிடக்கிறது’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘யார் செத்தார்கள்’ என்று கேட்கிறோம்.

பேர் எழுதியிருந்தால் பேய் வராது

பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, செல்ஃபிக்குப் பேர்போன இடம், அதுதான் ஷ்மிட் நினைவுச்சின்னம். டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட், 1930 டிசம்பரில் இந்தக் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தார். அதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள். அங்கே ஒரு மனிதர் இறந்தது நிஜம். இடமும் கடல், ராத்திரியில் இருட்டு. பேய்க்கதைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. ஆனாலும் பேய்ப் பட்டியல்கள் தேடிப் போவது அந்த வளைவை அல்ல, சற்று வடக்கே உள்ள பாலத்தைத்தான். ஷ்மிட் யார், ஏன் இறந்தார் என்பது எழுதப்பட்டிருக்கிறது. பாலத்தில் நடந்தவர்களின் பெயரை யாரும் எழுதவில்லை. எழுதாமல் விட்ட இடத்தில்தான் பேய் குடியேறுகிறது.

டிமான்டி காலனிக்கும் இதே கதைதான். ஜான் டி மான்டி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸில் வாழ்ந்த போர்ச்சுகீசிய வணிகர். தன் சொத்துகளைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதி வைத்தவர். 2015-ல் வந்த ‘டிமான்டி காலனி’ படம் அந்தப் பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பேய் நினைவுக்கு வருகிறது, மனிதர் வருவதில்லை. படம் தன் வேலையைச் செய்தது. மீதி வேலையை நாம் செய்யவில்லை.

மயிலாப்பூர் சொல்லும் வேறு கதை

இறந்துபோன பெண்ணின் கதை மயிலாப்பூருக்கும் உண்டு. வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்துபோகிறாள். சாம்பலையும் எலும்பையும் தந்தை ஒரு குடத்தில் வைத்துக் காக்கிறார். திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, அவள் உயிரோடு எழுகிறாள். பெரிய புராணம் சொல்லும் கதை இது.

அவளைத் திரும்ப அழைக்க அந்தப் பதிகம் என்ன செய்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அடியார்களுக்குச் சோறிடுவது, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று நீள்கிறது பட்டியல். இதையெல்லாம் பார்க்காமல் எப்படிப் போவாய் என்பதுதான் கேள்வி. சாப்பாடு, விளக்கு, கூட்டம், கடல் எல்லாம் சேர்ந்து செத்தவளையே ஊருக்குத் திரும்பக் கூப்பிடுகின்றன!

கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாளில், அறுபத்துமூவர் அன்று, இந்தக் கதையை இன்றும் நிகழ்த்திக் காட்டுகிறார்கள். மாட வீதிகளில் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். அங்கே அந்தக் கதை யாரையும் பயமுறுத்துவதில்லை, கூட்டத்தைக் கூட்டுகிறது. வருடாவருடம் சொல்ல ஆள் இருப்பதால் பூம்பாவை பேயாகவில்லை.

மறந்தால் என்ன நஷ்டம்?

‘சரி பாஸ், பழங்கதை மறந்தால் மறந்துபோகட்டும், இப்ப என்ன?’ என்று கேட்கலாம். பதில் தி.நகரில் இருக்கிறது. 1920-களில் ‘லாங் டேங்க்’ என்னும் பெரிய ஏரியின் ஒரு பகுதியை வற்றவைத்து உருவாக்கிய குடியிருப்புதான் இன்றைய தியாகராய நகர். வடக்கே மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பிறகு போனது. அதன் படுகையில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரி போய்விட்டது; மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’, நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ என்று பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, நினைவிருக்கிறதா? சென்னையில் நிஜமாகவே திரும்பத் திரும்ப வரும் ஆவி ஒன்று உண்டென்றால் அது அந்த ஏரிதான். வடிகால் குறைகளும் காரணம் என்றாலும், பள்ளம் தன் பழைய வேலையை மறப்பதில்லை. ஓர் இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதை ஊர் மறந்தால், அதற்கான பில் வீட்டு வாசலுக்கே வரும்.

முகத்துவாரத்திலும் ஆபத்து இதுதான். ‘ஆளில்லாத அமானுஷ்ய இடம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டால், நாளை அங்கே எதைக் கட்டுவது, எதை அகற்றுவது என்று முடிவெடுக்கும்போது ‘அங்கே யாருமே இல்லையே’ என்று சொல்வது சுலபம். 2004 சுனாமியையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கரை அது. ஆறும் கடலும் சேரும் அந்த இடத்தை நம்பித்தான் குப்பங்களில் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பேய்க்கதையின் செட் பிராப்பர்ட்டி இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ‘மேரி கிங்ஸ் குளோஸ்’ என்று ஒரு பழைய தெரு, பிற்காலக் கட்டடத்துக்கு அடியில் புதைந்து கிடந்தது. 2003-ல் அதைச் சுற்றுலா இடமாகத் திறந்தார்கள். பேய்க்கதையைக் கேட்கத்தான் பலரும் போகிறார்கள். உள்ளே போனால், 1645-ல் கொள்ளை நோய் வந்தபோது அங்கே வாழ்ந்த மக்களின் கதையும் சேர்ந்தே கிடைக்கிறது. பேயை வாசலில் நிறுத்தி, வரலாற்றை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

சென்னைக்கு அந்த அளவு செலவுகூட வேண்டாம். பாலத்துக்குப் போகும் வழியில், அது எப்போது, யாருக்காகக் கட்டப்பட்டது, எப்படி உடைந்தது என்று தமிழில் ஒரு பலகையை மாநகராட்சி வைக்கலாம். ஹெரிடேஜ் வாக் நடத்துபவர்கள் குப்பத்து ஆட்களையே வழிகாட்டியாக வைத்து, அதற்குக் கூலியும் கொடுக்கலாம். அலையின் போக்கும், மீன் கிடைக்கும் நேரமும், ஆற்று முகம் மணலால் அடைபடுவதும் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆப்புக்கும் தெரியாது.

கலைக்கும் அங்கே இடம் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில், சபாக்களில் மட்டும் கேட்ட கர்நாடக இசையும் பறையாட்டமும் மீனவர் குடியிருப்பின் நடுவே ஒலித்தன. ரசிகர்கள் குப்பத்துக்கு வந்தார்கள், யாரையும் பேய் அடிக்கவில்லை.

போகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ராத்திரி 12 மணிக்கு ஒருவர் வீட்டு வாசல் வழியாக டார்ச் அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு போவதற்குப் பெயர் எக்ஸ்ப்ளோரிங் இல்லை. விடியற்காலையில் போங்கள், படகுகள் கரைக்கு வரும் நேரம். மீன் விற்கும் அக்காவிடம் என்ன மீன், எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள், வாங்குங்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் பாலத்தைப் பற்றிக் கேளுங்கள். அதில் நடந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் ரீல்ஸில் போடுங்கள், அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு.