குண்டர் சட்டம் போதுமா?



எங்காவது கொலையோ கொள்ளையோ நடந்தால், 'தூக்கி குண்டாஸ்ல போடுங்க சார்!' என்று நம் வீட்டு ஹாலிலேயே ஒரு குரல் எழும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், அப்படிப் போட்டுவிட்டால் நம் தெரு பத்திரமாகிவிடுகிறதா?

குண்டாஸ் எனப்படும் குண்டர் சட்டம் 1982-இல் வந்தது. விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். உத்தரவு போடுவது நீதிபதி அல்ல. கலெக்டர் அல்லது போலீஸ் கமிஷனர். அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழு முன்பு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கிடையாது. சாராய வியாபாரிகள், ரவுடிகள் என்று தொடங்கியது, 2004-இல் திருட்டு வீடியோ, 2014-இல் சைபர் குற்றம் என்று நீண்டுகொண்டே போகிறது.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இதன் பலனை நேரிலேயே பார்த்தவர்கள். 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர், கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். காஞ்சி மடத்தின் சங்கராச்சாரியார் உட்படப் பலர் கைதானார்கள். சிலர்மீது குண்டர் சட்டமும் பாய்ந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மடத்தோடு தொடர்புடைய 183 வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் குறை கூறி, வழக்கையே புதுச்சேரிக்கு மாற்றியது.

முடிவு? 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சி. 2013 நவம்பர் 27 அன்று 23 பேரும் விடுதலை. கோயிலுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் கொன்றதற்காக இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. அத்தனை அதிகாரமும் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்கு என்ன கொடுத்தது?

சாட்சியைத் தேடி, தடயம் சேர்த்து, கோர்ட்டில் நிற்கிற மாதிரி வழக்கை நடத்துவது கஷ்டமான வேலை. குறுக்கு வழி கையிலிருந்தால் அந்தப் பொறுமை போய்விடும் என்பது என் கருத்து. படிக்க முடியாத நகலைக் கொடுத்தார்கள், மனுவைத் தாமதமாகப் பார்த்தார்கள் என்று எத்தனையோ தடுப்புக்காவல் உத்தரவுகள் பாதியிலேயே ரத்தாகின்றன. ஆள் அதே தெருவுக்குத்தான் திரும்பி வருகிறார்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் தெருவில் பாவு போட வேண்டும். நெய்த புடவையைக் கொடுத்துவிட்டு கூலிப் பணத்தோடு வீடு திரும்ப வேண்டும். வீட்டுப் பெண்கள் மார்கழி இருட்டில் கோயிலுக்குப் போய்வர வேண்டும். இவர்கள் கேட்பது எரிகிற தெருவிளக்கும், தவறாமல் வரும் ரோந்தும், செயின் பறிபோனால் அன்றைக்கே ஒரு எஃப்.ஐ.ஆரும்தானே?

2019-இல், 40 ஆண்டுகளுக்குப் பிறகு அதே வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் எழுந்தருளியபோது ஊரே திக்குமுக்காடியது. ஜூலை 18 அன்று நெரிசலில் 4 பேர் உயிரிழந்தார்கள். அங்கே தேவைப்பட்டது எந்தச் சிறப்புச் சட்டமும் அல்ல. ஒழுங்கான வரிசை, குடிநீர், வெளியேற வழி, கூட்டத்தை நிதானமாக நகர்த்தத் தெரிந்த காவலர்கள்.

கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். பாதுகாப்பு இல்லை என்று எத்தனையோ கோயில்களின் உற்சவர்கள் திருவாரூர் போன்ற ஊர்களின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் இருக்கிறார்கள். திருவிழா என்றால் மட்டும் ஊருக்கு அழைத்து வருகிறோம். களவாணிக்குப் பயந்து சாமியையே வெளியூருக்கு அனுப்பிவிட்டோமே!

அடுத்த முறை 'இத்தனை பேரைக் குண்டாஸில் போட்டோம்' என்று யாராவது மேடையில் கணக்குச் சொன்னால், எத்தனை வழக்குகளில் தண்டனை வாங்கிக் கொடுத்தீர்கள், ராத்திரி ரோந்து எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். கிடைத்த பதிலை எங்களுக்கும் எழுதுங்கள். வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்