சிற்றூர் அணிகளும் பேரூர்ப் பத்திரிகைகளும்

ஆடுகளம் ஆள் பார்ப்பதில்லை. பல இலட்சம் மக்கள் வாழும் மாநகரிலிருந்து வந்த அணிக்கும், ஓர் இலட்சம் மக்கள் வாழும் ஊரிலிருந்து வந்த அணிக்கும் அங்கே நீளமும் அகலமும் ஒன்றே. நேர அளவும் ஒன்றே. நடுவரின் ஊதலும் ஒன்றே. ஆனால், ஆட்டம் முடிந்து அதன் செய்தி அச்சேறும்பொழுதும் தொலைக்காட்சித் திரையில் ஏறும்பொழுதும் இந்தச் சமநிலை குலைந்துவிடுகின்றது. ஓர் அணி குன்றின்மேல் இட்ட விளக்காகின்றது. மற்றையது குடத்துள் இட்ட விளக்காகின்றது. இவ்வேற்றுமை எவ்வாறு எழுகின்றது, இதனால் விளையும் கேடு யாது, இதற்கு மாற்று உண்டோ என்பவற்றை, தொழில்முறை விளையாட்டிற் பொருளும் புகழும் மலிந்த ஐக்கிய அமெரிக்க நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணி நிமித்தமாக அந்நாட்டின் விஸ்கொன்சின் மாநிலத்திலே சில பனிக்காலங்களைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே உதைபந்தாட்டம் எனப் பெயர் பெற்றது நாம் நம் கல்லூரி மைதானத்தில் ஆடிய ஆட்டமன்று. அது றகர் ஆட்டத்துக்கு உறவானது. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எறிவதுமே அதிற் பெரும்பகுதி. 32 அணிகளைக் கொண்ட தேசிய உதைபந்தாட்ட லீக் அதனை நடத்துகின்றது. அவ்வணிகளைப் பற்றிப் பேசும் பத்திரிகையாளர் 'சிற்றூர் அணி' என்று சொல்லக் கேட்டிலேன். 'சிறு சந்தை அணி' என்றே சொல்லக் கேட்டேன். நோய்க்கு மூலம் அச்சொல்லிலேயே உள்ளது என்பது என் கருத்து. ஊர் என்றால் அங்கே மனிதர் இருக்கின்றனர். சந்தை என்றால் அங்கே வாங்குவோர் மட்டுமே இருக்கின்றனர். ஓர் ஊரைச் சந்தை என்று பெயரிட்டு எண்ணத் தொடங்கியவுடன், அவ்வூரார் எத்துணைப் பேர் என்பதே கேள்வியாகின்றது. அவர்தம் அணி எத்துணைத் திறமையாக ஆடியது என்பது இரண்டாம் கேள்வியாகி விடுகின்றது.

இவ்வாட்டத்தின் வரலாறோ சிற்றூர்களிலேதான் தொடங்கிற்று. 1920ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தின் கன்ரன் என்னும் ஊரில், மோட்டார் வண்டி விற்கும் கடையொன்றிலே கூடிய சிலரால் இந்த லீக் தொடங்கப்பெற்றது. கன்ரன் அணி 1922, 1923ஆம் ஆண்டுகளில் வெற்றிவாகை சூடியது. 1926ஆம் ஆண்டோடு மறைந்தும் போயிற்று. டிக்கேற்றர் என்னும் ஊரின் அணி 1921ஆம் ஆண்டு சிக்காக்கோவுக்குப் பெயர்ந்தது. போட்ஸ்மத் என்னும் ஊரின் அணி 1934ஆம் ஆண்டு டெற்றோயிற்றுக்குப் பெயர்ந்தது. இவ்வாறு சிற்றூர் அணிகள் ஒவ்வொன்றாய் மறையவும் பெயரவும், அவற்றுள் ஒன்று மட்டும் நிலைத்து நின்றது. அதுவே விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே நகரின் பக்கர்ஸ் அணி. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கட்டொகை ஏறத்தாழ 1,07,000. நியூயோர்க் நகரின் தொகையோ 88 இலட்சம்.

கிறீன் பே அணி பிழைத்ததன் காரணங்களுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டியது. 1919ஆம் ஆண்டு அவ்வணியைத் தொடங்கிய இருவருள் கேர்லி லம்போ ஆட்டக்காரர். மற்றவரான ஜோர்ஜ் கல்ஹூன் 'பிரஸ் கசெற்' என்னும் உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். இறைச்சி பதனிடும் நிறுவனமொன்று உடைக்காக 500 டொலர் உதவியது. மைதானத்துக்கு வேலியில்லாத அக்காலத்திலே கல்ஹூன் தொப்பியை ஏந்திப் பார்வையாளரிடம் காசு திரட்டினார். பின்னர்த் தம் பத்திரிகையில் அவ்வணியின் ஆட்டங்களை விரிவாக எழுதினார். பொருள் முட்டுப்பட்டபோது, அதே பத்திரிகையின் தலைவரான அன்ட்ரூ ரேன்புல் ஊரவரைக் கூட்டி, 1923ஆம் ஆண்டு அவ்வணியைப் பொதுமக்கள் பங்குகொள்ளும் இலாப நோக்கற்ற நிறுவனமாக்கினார். இன்று ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதன் பங்காளர். எவருக்கும் இலாபம் பகிரப்படுவதில்லை. பேரூர்ப் பத்திரிகை காணாத அணியை உள்ளூர்ப் பத்திரிகை கண்டது. கண்டதனால் அது பிழைத்தது.

பொருள் வகையில் ஏற்றத்தாழ்வு உண்டாகாதபடி அந்நாட்டார் செய்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. தொலைக்காட்சி பரவிய தொடக்கத்தில் அணிகள் தத்தம் ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியே விற்றன. பெருநகர் அணிகளுக்குப் பெரும்பணமும் சிற்றூர் அணிகளுக்குச் சில்லறையும் கிடைத்தன. லீக்கின் தலைவர் பீற் றோசெல், எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாக விற்றுப் பணத்தைச் சமமாகப் பங்கிட வேண்டுமென வாதாடினார். நியூயோர்க் அணியின் உரிமையாளரான மாரா குடும்பத்தினர் தமக்கு நட்டமென்று அறிந்தும் அதற்கு இசைந்தனர். அதற்கு இடந்தரும் சட்டத்தில் 1961ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி ஜனாதிபதி கென்னடி ஒப்பமிட்டார். அவ்வாண்டு டிசெம்பர் 31ஆந் திகதி நடைபெற்ற இறுதிப் போட்டியிலே கிறீன் பே அணி அதே நியூயோர்க் அணியை 37–0 என்ற கணக்கில் வென்றது! இன்றும் அப்பங்கீடு நிலைத்திருக்கின்றது. 2024ஆம் ஆண்டு கிறீன் பே அணி வெளியிட்ட கணக்கின்படி, லீக்கின் பொது வருவாயிலிருந்து அதற்குக் கிடைத்த பங்கு 40 கோடி டொலருக்கு மேற்பட்டது. நியூயோர்க் அணிகளுக்கும் அதே பங்குதான்.

ஆயின், பணத்தைப் பங்கிட்டவர்கள் பார்வையைப் பங்கிடவில்லை. ஞாயிறு நண்பகலுக்குப் பின் பல ஆட்டங்கள் ஒரே வேளையில் நிகழும். அவற்றுள் எதைக் காண்பதென்பது ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனித்தனியே வகுக்கப்படுகின்றது. நாடு முழுவதும் ஒருங்கே காண்பன ஞாயிறு, திங்கள், வியாழன் இரவுகளில் நிகழும் ஆட்டங்களும், நன்றி நவிலும் பெருநாளில் நிகழும் ஆட்டங்களும் போன்ற சிலவே. அவ்விடங்களுக்கு அணிகளைத் தெரியும்பொழுது பார்ப்போர் தொகையே பெரிதும் நோக்கப்படுகின்றது. நாடு கண்ட ஆட்டத்தைப் பற்றியே மறுநாட் பத்திரிகை எழுதுகின்றது. பத்திரிகை எழுதிய அணியையே அடுத்த பருவத்தில் நாடு காண விரும்புகின்றது. செக்கைச் சுற்றும் மாடுபோல் இச்சுழற்சி தடம் மாறாது தொடர்கின்றது.

டலஸ் நகரின் கௌபோய்ஸ் அணியைப் பாருங்கள். 1966ஆம் ஆண்டு முதல், 1975, 1977ஆம் ஆண்டுகள் தவிர, நன்றி நவிலும் நாள்தோறும் அவ்வணி தன் மைதானத்தில் நாடு காண ஆடிவருகின்றது. 1978ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி எடுத்த திரைப்படமொன்றில் அதற்கு 'அமெரிக்காவின் அணி' என்ற பட்டம் சூட்டப்பட்டது. அப்பருவத்தின் சூப்பர் போல் எனப்படும் இறுதிப் போட்டியில் வென்றது எந்த அணி? எஃகு ஆலைகளின் ஊராகிய பிற்ஸ்பேர்க்கின் அணி! அவ்வணி 1974 முதல் 1979 வரையான ஆறு பருவங்களில் நான்கு முறை வாகை சூடியது. வென்றவர்க்குக் கிண்ணமும் தோற்றவர்க்குப் பட்டமும் வழங்கப்பட்ட விந்தை இது. 1995ஆம் ஆண்டுப் பருவத்தில் வென்ற டலஸ் அணி, அதன்பின் 2024ஆம் ஆண்டுப் பருவம் முடியும்வரை இறுதிப் போட்டியை மட்டுமன்று, அதற்கு முந்திய சுற்றையும் எட்டவில்லை. எனினும் அதன் புகழொளி மங்கவில்லை.

பஃபலோ நகரின் கதை இதற்கு மறுதலை. நியூயோர்க் மாநிலத்தின் மேற்கெல்லையில், பனி மிகுந்த ஏரிக்கரையில் உள்ள அந்நகரின் மக்கட்டொகை 2020இல் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. 1990 முதல் 1993 வரையான நான்கு பருவங்களிலும் அதன் அணி இறுதிப் போட்டிக்குச் சென்றது. தொடர்ந்து நான்கு முறை சென்ற அணி வேறொன்றும் இல்லை. நான்கிலும் அது தோற்றது. நாட்டின் பத்திரிகைகள் முதற்செய்தியை மறந்து இரண்டாஞ் செய்தியை மட்டும் நினைவிற் கொண்டன. பஃபலோ என்றாலே நகைப்புக்குரிய பெயராயிற்று. முதலாவது போட்டி 1991 ஜனவரியில் 20–19 என்ற கணக்கில் நழுவியது. இறுதிக் கணத்தில் ஸ்கொற் நோர்வூட் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே சென்றது. அவ்வுதை பல்லாண்டுகளாகத் திரையிலே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. ஆனால், மறுநாள் அணி ஊர் திரும்பியபோது, குளிரிலே திரண்டு நின்ற ஆயிரக்கணக்கான நகரமக்கள் நோர்வூட்டின் பெயரைச் சொல்லி அழைத்து ஆரவாரித்த செய்தியை அறிந்தோர் எத்தனை பேர்? சந்தை கண்டது தவறிய உதையை. ஊர் கண்டது தன் பிள்ளையை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'பத்திரிகை ஒரு வாணிகம்; வாங்குவோர் மிக்க இடத்துக்கு அது செல்வது இயல்பு. மேலும், கிறீன் பே அணியும் இன்று இரவு ஆட்டங்களில் அடிக்கடி தோன்றுகின்றதே! கன்சாஸ் சிற்றி அணி 2020, 2023, 2024ஆம் ஆண்டுகளில் இறுதிப் போட்டியில் வென்றபோது நாடே அதைப் பற்றிப் பேசிற்றே! ஆகவே திறமை இருந்தால் வெளிச்சம் தானே வரும்' என்பர். இதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. பத்திரிகையாளர் சிற்றூர்கள்மேற் பகைகொண்டு சதி செய்கின்றனர் என்று நான் சொல்லவுமில்லை. ஆயினும் அவ்வெடுத்துக்காட்டுகளே என் வழக்கை நிலைநாட்டுகின்றன. சிற்றூர் அணி வென்றால்தான் செய்தி. பேரூர் அணி தோற்றாலும் செய்தி. கிறீன் பே 1968 முதல் 1992 வரையான 25 பருவங்களில் இரண்டே முறை இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. அக்காலத்தில் நாட்டாருக்கு அது பழங்கதையாயிற்று. அதே அளவு நீண்ட வறட்சி டலஸ் அணிக்கு நேர்ந்தபோது, அதன் ஒவ்வொரு தோல்வியும் வாரமுழுதும் விவாதப்பொருளாயிற்று. ஒருவர் வாழ்ந்தாற் காண்பதும், மற்றவர் தாழ்ந்தாலும் காண்பதும் நடுநிலையாகுமா?

இதனால் விளையும் கேடு வெறும் மனத்தாங்கல் அன்று. காணப்படாத ஆட்டக்காரன் கௌரவங்களுக்கு வாக்களிப்போரின் நினைவில் இடம்பெறுவதில்லை. ஊரைச் சந்தையென எண்ணும் உரிமையாளர், பெரிய சந்தையைத் தேடிப் பெயர்கின்றனர். சென் லூயிஸ் அணி 2000 ஜனவரியில் நாட்டின் வாகையைச் சூடியது. 2016ஆம் ஆண்டு மைதான வசதியும் பெருநகர்ச் சந்தையும் நாடி லொஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்றது. ஞாயிறுதோறும் தந்தையும் மகனும் ஒன்றாய்ச் சென்று அமர்ந்த இருக்கைகள் வெறிதாயின.

மாற்று உண்டோ எனின், உண்டு. அந்நாட்டாரே அதற்கு வழியுங் காட்டியுள்ளனர். லீக் பிறந்த கன்ரன் ஊரில் 1963ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற புகழ் மண்டபத்துக்கு வீரரைத் தெரியும் குழுவில், பெருநகர்ப் பத்திரிகையாளர் மட்டும் அமர்வதில்லை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பத்திரிகையாளர் வீதம் இடம் உண்டு. தன் ஊரின் வீரனுக்காக எழுந்து பேச ஒரு வாய் அங்கே இருக்கின்றது. இந்த நியாயம் ஒளிபரப்புக்கும் ஏன் பொருந்தாது? ஒவ்வோர் அணியும் பருவத்தில் ஒருமுறையேனும், அதுவும் தன் சொந்த மைதானத்தில், நாடு முழுவதும் காண ஆடவேண்டும் என்று விதித்தால் யாருக்கும் பெருநட்டம் நேராது. பணத்தைச் சமமாகப் பங்கிட்ட கைகளுக்கு ஓர் இரவைப் பங்கிடுதல் அரிதன்று.

எனினும், விதிகளினும் வலியது உள்ளூர்ப் பேனா. வருந்தத்தக்க செய்தி யாதெனில், அந்நாட்டிலே 2005ஆம் ஆண்டுக்குப் பின் 3,000க்கு மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை சிற்றூர்களின் வாரப் பத்திரிகைகள். இனி ஒரு கல்ஹூன் தோன்றினால் அவர் எங்கே எழுதுவார்?

இவ்வினா என்னை நம் கல்லூரிக்கு அழைத்துவருகின்றது. நான் மாணவனாயிருந்த காலத்தில், நம் அணி கடைசி நிமிடம்வரை போராடி வென்ற ஆட்டமொன்றைத் தலைநகர்ப் பத்திரிகையொன்று இரண்டே வரிகளில் முடித்தது. கோல் அடித்தவன் பெயரும் பிழையாக அச்சாயிற்று. அவன் அத்துண்டை வெட்டி வைத்திருந்தானோ, கிழித்தெறிந்தானோ அறியேன். ஆனால், அவ்வாண்டுக் கல்லூரிச் சஞ்சிகை அவ்வாட்டத்தை முழுமையாக எழுதியது. அதனால் இன்றும் அவன் பெயர் சரியாகவே நிற்கின்றது.

மாணவ நண்பர்களே, தலைநகரார் நம்மைக் காணவில்லையென்று வருந்துவது நியாயமே. அதைக் கேட்டுப் பெறுவதும் நம் உரிமையே. ஆயின், நம் ஆட்டத்தை நாமே எழுதாதுவிட்டு, பிறர் எழுதவில்லையென்று குறைகூறுதல் முறையன்று. ஒவ்வோர் அணியிலும் ஆடுவோர் பதினொருவர் இருக்கட்டும். எழுதுவோன் ஒருவனும் இருக்கட்டும். வென்ற ஆட்டத்தை எழுதுமளவு அக்கறையோடு தோற்ற ஆட்டத்தையும் அவன் எழுதட்டும். விளக்கு நம்முடையது; அதைக் குடத்திலிருந்து எடுத்து வெளியே வைக்கும் கையும் நம்முடையதாகவே இருக்கட்டும்.