பயிலுநரா, வெற்றிடம் நிரப்புநரா?

ஆங்கில ஆசிரியரை ஆக்குவது உச்சரிப்பே என்பது நம்மிடையே வேரூன்றிய மயக்கம். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் அம்மயக்கத்துக்கு ஆட்படவில்லை. ஈராண்டுகள் கல்லூரியிற் கற்றபின், மூன்றாமாண்டு பாடசாலையிலே கட்டுறு பயிற்சி என விதித்தன. 'நான் ஆசிரியன்' எனும் உணர்வு வகுப்பறையிலன்றி வேறெங்குப் பிறக்கும்?

ஆயின், மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவை மலைப்புறத்தில், ஆங்கில ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலைக்குப் பயிலுநரொருவரைத் தனியே அனுப்பினால், அவர் யாரைப் பார்த்துக் கற்பார்? தவற்றைத் திருத்துவாரில்லை, நற்பாடத்தைப் பாராட்டுவாருமில்லை. பிள்ளைகள் வாய்திறவா வகுப்பில், கரும்பலகையில் இலக்கணம் எழுதிப்போடுவதே அவருக்குத் தொழிலாகிவிடும். தமிழில் ஒரு சொல்லை விளக்கவும் குற்றமென அஞ்சுவார். (அவ்வச்சத்தை ஊட்டியோருள் நம் விரிவுரையாளர் சிலரும் உளர்!) அப்பிள்ளைகளின் தமிழே ஆங்கிலத்துக்கு ஏறும் படியென எடுத்துரைக்க அங்கு மூத்தவர் எவருமிலர்.

"எவருமே இல்லாதிருப்பதினும் இது மேலன்றோ?" என்பர். வெற்றிடம் நிரம்பிற்றெனக் கணக்கெழுதுக; பயிற்சியளித்தோம் எனக் கூறற்க. அனுபவமிக்க ஆங்கில ஆசிரியர் உள்ள பாடசாலைக்கே பயிலுநரை அனுப்புக. அஃது இயலாதெனின், இரத்தோட்டையிலிருந்தோ உக்குவளையிலிருந்தோ அத்தகையவர் ஒருவர் வாரமொரு நாளேனும் அவ்வகுப்பின் பின்வாங்கில் வந்தமரட்டும்.