குழாய் உரசினாலே கோடிகள் காலி... எண்ணெய்க் கிணற்று உராய்வைக் குறைக்க பிஹெச்டி எதுக்கு?

எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவியில் உராய்வை எப்படிக் குறைப்பது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேட, பிரிட்டன், நார்வே போன்ற நாடுகளில் 3, 4 வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி மாணவர்களை எடுக்கிறார்கள். 'கிரீஸ் தடவினா முடியுற வேலைக்கு பிஹெச்டியா?' என்று கேட்கத் தோணும். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

சிக்கல் எங்கே இருக்கு?

நம்ம ஊர் போர்வெல் நேராகக் கீழே இறங்கும். இன்றைய எண்ணெய்க் கிணறுகள் பல அப்படி இல்லை. கொஞ்ச தூரம் கீழே போய், வளைந்து, பிறகு பக்கவாட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். சுமார் 9 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒன்றோடு ஒன்று திருகி உள்ளே இறக்குவார்கள். 10 கிலோமீட்டர் கிணறு என்றால் 1,000 குழாய்களுக்கு மேல். மேலே இருக்கும் மோட்டார் இத்தனையையும் சுழற்ற வேண்டும். அப்போதுதான் கடைசி நுனியில் இருக்கும் 'பிட்' பாறையை அரைக்கும்.

பக்கவாட்டில் போகும் இடத்தில் குழாய் துளையின் அடிப்பக்கமாகப் படுத்துக்கொள்ளும். அங்கே உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ எடையுள்ள குழாயை நகர்த்தவே 30 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும். வளைவில் இன்னும் மோசம். மாட்டுக் கயிற்றை முளையில் ரெண்டு சுற்று சுற்றிப் பிடித்தால், முரட்டுக் காளையைக்கூட ஒரு ஆள் நிறுத்திவிடலாம் இல்லையா? அதே பிடிப்புதான் வளைவில் குழாய்க்கு எதிராக வேலை செய்கிறது.

இதனால் என்ன ஆகும்?

முதலாவது, முறுக்கு விசை அளவு மீறினால் குழாயே முறிந்துபோகும்.

இரண்டாவது, மேலிருந்து கொடுக்கும் தள்ளுவிசை நுனிக்குப் போய்ச் சேராது. குழாய் துளைக்குள்ளேயே நெளிந்து, சுருள் மாதிரி சுவரில் அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு எவ்வளவு தள்ளினாலும் பிட் ஓர் அங்குலம்கூட முன்னே போகாது.

மூன்றாவது, 'ஒட்டி-வழுக்கும்' ஆட்டம். பிட் சட்டென்று நின்றுவிடும். மேலே மோட்டார் சுற்றிக்கொண்டே இருப்பதால் குழாயில் முறுக்கு ஏறும். திடீரென்று அது விடுபட்டு, பிட் பல மடங்கு வேகத்தில் சுழலும். பிட்டும், பக்கத்தில் இருக்கும் அளவீட்டுக் கருவிகளும் நொறுங்க இது போதும். ஆழ்கடல் ரிக்கின் ஒரு நாள் வாடகையே பல லட்சம் டாலர். ஒரு பிட்டை மாற்ற மொத்தக் குழாயையும் வெளியே உருவ வேண்டும்.

எண்ணெய் ஊற்றினால் போதாதா?

ஊற்றத்தான் செய்கிறார்கள். பாறைத்தூளை மேலே கொண்டுவர, குழாய் வழியாக 'மட்' எனப்படும் சேறு போன்ற திரவத்தைச் செலுத்துவார்கள். எண்ணெய் கலந்த மட் நன்றாக வழுக்கும். ஆனால் அதில் நனைந்த பாறைத்தூளைக் கடலில் கொட்டினால் கடலடி உயிர்களுக்கு ஆபத்து. வடகடல் பகுதியில் அப்படிக் கொட்டிய குவியல்கள் பெரிய சுற்றுச்சூழல் பிரச்னையாகின. 2000-ம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு இதற்குக் கடிவாளம் போட்டது. எடையில் 1 சதவீதத்துக்கு மேல் அந்த எண்ணெய்த் திரவம் ஒட்டிய தூளைக் கடலில் கொட்டத் தடை.

ஆராய்ச்சிக்கு வேலை வருவது இங்கேதான். தண்ணீர் அடிப்படையிலான மட், எண்ணெய் அளவுக்கு வழுக்குமா? குழாய் மூட்டுகளில் வைரம் போன்ற கார்பன் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? குழாயை முன்னும் பின்னும் லேசாக அதிரவைத்தால் பிடிப்பு குறையுமா? ஒவ்வொன்றும் ஒரு பிஹெச்டிக்குத் தாராளமாகப் போதும்.

உராய்வைக் குறைத்தால் என்ன லாபம்?

இங்கிலாந்தின் தெற்கே விட்ச் ஃபார்ம் எண்ணெய் வயல் நல்ல உதாரணம். எண்ணெயின் ஒரு பகுதி பூல் விரிகுடாவின் கடலுக்கு அடியில் இருந்தது. அதை எடுக்கக் கடலில் செயற்கைத் தீவு கட்டும் திட்டம்கூட இருந்தது. அதற்குப் பதிலாகக் கரையிலிருந்தே பக்கவாட்டில் துளையிட்டார்கள். 1999-ல் ஒரு கிணறு பக்கவாட்டில் மட்டும் 10.7 கிலோமீட்டர் போனது. ஆழம் என்று பார்த்தால் வெறும் 1.6 கிலோமீட்டர்தான். உராய்வைக் கட்டுக்குள் வைக்காமல் இது நடந்திருக்காது. தீவும் தேவைப்படவில்லை.

பணம் யார் கொடுக்கிறாங்க?

பிரிட்டன் அரசுக்கு உராய்வின் மேல் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1966-ல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் சரியாகக் கையாண்டால் வருஷத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றது. 'டிரைபாலஜி' என்ற உராய்வியல் துறைக்குப் பெயர் கிடைத்ததும் அந்த அறிக்கையில்தான்.

இன்று அங்கே அரசு நிதியில் பிஹெச்டி படிப்பவருக்கு 2025-26-ல் குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண்டு. சில திட்டங்களில் நிறுவனமும் ஒரு பங்கு போடும். நிறுவனம் பணம் போட்டால் உண்மையான கிணற்றின் தரவு மாணவர் கைக்கு வரும். ஆனால் முடிவை எப்போது வெளியிடலாம், காப்புரிமை யாருக்கு என்பதில் நிறுவனத்தின் கையும் இருக்கும்.

எண்ணெய்க்காக மட்டும்தானா?

நியாயமான கேள்வி. பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் காலத்தில், எண்ணெயை மலிவாக எடுக்க மக்கள் வரிப்பணமா என்ற விமர்சனம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. மறுபக்கம், புவிவெப்ப மின்சாரத்துக்கும் இதே வித்தைதான் வேண்டும். அதில் பெரும் செலவே துளையிடுவதுதான். அமெரிக்காவின் ஃபெர்வோ நிறுவனம், யூட்டா மாகாணத்தில் ஒரு கிணற்றின் செலவை 94 லட்சம் டாலரிலிருந்து 48 லட்சம் டாலராகக் குறைத்ததாக 2024-ல் அறிவித்தது. இதில் பிட், துளையிடும் முறை என்று பல காரணங்கள் உண்டு; உராய்வும் அதிர்வும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை.

ஆழம் போகப் போக வெப்பமும் எதிரி. ரஷ்யாவின் கோலா கிணறு 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டது. உராய்வைத் தவிர்க்க, முழுக் குழாயையும் சுழற்றாமல் நுனியில் டர்பைன் வைத்துத்தான் தோண்டினார்கள். ஆனால் உள்ளே 180 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போக முடியவில்லை. அந்தச் சூட்டிலும் கெட்டுப்போகாத உயவுப்பொருள் கிடைத்தால் புவிவெப்பத் துறைக்குப் பெரிய லாபம்.

நமக்கு இதில் என்ன?

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் புவிவெப்பத் திட்டத்துக்காக ஓஎன்ஜிசி 2021-ல் ஒப்பந்தம் போட்டது. இந்த இரண்டுக்குமே துளையிடும் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் தேவை.

சென்னை ஐஐடி, தன்பாத் ஐஐடியில் பெட்ரோலியப் பொறியியல் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாய். பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்கும்.

மெக்கானிக்கல் படித்தவர்களுக்கும் கெமிக்கல் படித்தவர்களுக்கும் இது நல்ல வழி. ஆனால் விண்ணப்பிக்கும் முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோங்க: பணம் யாருடையது? முடிவை வெளியிடும் உரிமை யாருக்கு? கத்துக்கிற வித்தை எண்ணெயைத் தாண்டியும் உதவுமா? மூணுக்கும் பதில் தெளிவாக இருந்தால், தைரியமாகக் கையெழுத்து போடலாம்.